சட்டைப் பையில் அடங்கும் ஒளி

2012-ஆம் ஆண்டு சோனி நிறுவனம் ஆர்எக்ஸ்100 என்ற சிறு கேமராவைக் கொண்டுவந்தபோது, கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கம்பக்கத்தில் இருந்தவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் வெளியில் பெரிதாக ஏதும் இல்லை. ஏறத்தாழ 10 செ.மீ. அகலம், 36 மி.மீ. தடிமன், பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 240 கிராம் எடை. பக்கத்தில் இருந்த மற்றவையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். விலை மட்டும் பல மடங்கு. அதற்கான காரணம் லென்ஸுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அன்றைய சாதாரணக் கையடக்கக் கேமராவில் ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, சட்டைப் பொத்தான் ஒன்றின் பரப்பில் அது பாதிகூட வராது. ஆர்எக்ஸ்100-இன் சென்சாரோ 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. உயரமும் உடையது, அதாவது பரப்பில் நான்கு மடங்கு.

இந்தச் சென்சாரை '1 அங்குலம்' என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதில் எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஓர் அங்குலம் வராது, மூலைவிட்டம்கூட 16 மி.மீ.தான். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைக் கொண்டு பெயரிடும் வழக்கம், குழாய் போன பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாயின் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் படம் விழும் பகுதி என்பதால், இப்படி அங்குலத்தில் பெயரிட்ட சென்சார்களெல்லாம் உள்ளதைவிடப் பெரியவையாகப் பெயர் பெற்றுவிட்டன. விற்பனையாளர்களுக்கு இதைத் திருத்தும் அவசரம் இல்லை.

கையடக்கக் கேமராவைப் பற்றிய பேச்சு எப்போதும் 'தரமா, வசதியா' என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. அந்தக் கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை என்பது என் எண்ணம். உள்ளபடி அங்கே இழுபறி மூன்று பேருக்கு இடையில் நடக்கிறது: சென்சாரின் பரப்பு ஒன்று, லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டுகிறது, எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பது மற்றொன்று, உடலின் தடிமன் மூன்றாவது. இவற்றில் எந்த இரண்டைக் கெட்டியாகப் பிடித்தாலும் மூன்றாவது கைநழுவுகிறது. ஆகவே ஒரு கையடக்கக் கேமராவை எடைபோட வேண்டுமானால், அது எதைத் தருகிறது என்பதைவிட எதை விட்டுக்கொடுத்தது என்று பார்ப்பதே சுருக்கமான வழி.

பரப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒளி சீரான ஓட்டமாக வருவதில்லை. ஃபோட்டான்களாக, மணி மணியாக வருகிறது. அவை விழும் எண்ணிக்கையில் இயல்பாகவே ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. அந்த ஏற்றத்தாழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு பிக்சலில் 100 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது 10 சதவீதம்; 10,000 விழுந்தால் அது 100, அதாவது 1 சதவீதம் மட்டுமே. இருட்டில் எடுத்த படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருப்பதற்கு முதன்மையான காரணம் மின்னணுச் சுற்றின் குறைபாடு அன்று, வந்து சேர்ந்த ஒளியின் போதாமைதான். எந்தப் பொறியாளராலும் வராத ஒளியை வரவழைக்க முடியாது.

ஒளி எவ்வளவு வந்து சேரும் என்பதை முடிவு செய்வது சென்சார் மட்டும் அன்று; பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரே காட்சியை, ஒரே கோணத்தில், ஒரே ஷட்டர் நேரத்தில் எடுக்கும்போது கேமராவுக்குள் நுழையும் மொத்த ஒளி, லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் என்பதைப் பொறுத்தது. குவியத் தூரத்தை, அதாவது தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் குவிக்கும் தூரத்தை, எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும்; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. சாதாரணக் கையடக்கக் கேமரா 4.5 மி.மீ. குவியத் தூரத்தில் எஃப்/3 என்று இருந்தால் திறப்பு 1.5 மி.மீ., ஏறக்குறைய குண்டூசித் தலை அளவு. ஆர்எக்ஸ்100 அகலக் கோணத்தில் 10.4 மி.மீ., எஃப்/1.8, திறப்பு ஏறத்தாழ 5.8 மி.மீ. விட்டம் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்றால் பரப்பு 15 மடங்கு. அகல் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு முகத்தை இவ்விரண்டாலும் எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்குக் கண்ணுக்கே தெரியும். முதல் கேமராவில் புருவத்தின் மயிர்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரு தீற்றலாக இருக்கும். கன்னம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக இருக்கும். மூக்குத்தியின் கல் ஒரு வெள்ளைப் பொட்டாக மாறியிருக்கும். புள்ளிகளை மறைக்கக் கேமராவின் மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்ததன் விளைவு அது. இரண்டாவதில் புருவம் புருவமாகவே இருக்கும்.

இதே கணக்கு வேறு ஓர் உண்மையையும் சொல்கிறது. 2013-இல் வெளிவந்த ரிக்கோ ஜிஆர் கேமராவின் சென்சார், லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி என்ற அளவு. ஆர்எக்ஸ்100-இன் சென்சாரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் அதன் லென்ஸ் 18.3 மி.மீ., எஃப்/2.8, திறப்பு 6.5 மி.மீ.தான். இரண்டும் பார்க்கும் கோணம் ஒன்றே. ஆகவே மங்கிய வெளிச்சத்தில் ஜிஆர் பெறும் கூடுதல் ஒளி கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. மூன்று மடங்குச் சென்சாரை வாங்கியவர் மூன்று மடங்கு இரவுப் படத்தை எதிர்பார்த்தால் ஏமாறுவார். பெரிய சென்சாரின் முழுப் பயன் பகலில்தான் வெளிப்படும்: ஒளி தாராளமாக இருக்கும்போது அது அதிக ஒளியை நிரம்பி வழியாமல் தாங்கிக்கொள்ளும், அதனால் வெயிலும் நிழலும் கலந்த தெருவில் வானம் வெளுத்துப்போகாமலும் திண்ணை இருண்டுபோகாமலும் இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஃபியூஜிஃபிலிம் 2011-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்100, அதே ஏபிஎஸ்-சி சென்சாருக்கு முன்னால் 23 மி.மீ., எஃப்/2 லென்ஸை வைத்தது, திறப்பு 11.5 மி.மீ. இரவிலும் அது வென்றது. பதிலுக்குச் சட்டைப் பையை இழந்தது. கோட்டுப் பைக்கும் தோள்பட்டைக்கும் உரிய கேமரா அது.

இந்த இழுபறி டிஜிட்டல் காலத்தில் பிறந்ததும் அன்று. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமாப் படச்சுருளின் சட்டத்தை, அதாவது ஒரு படம் பதியும் கட்டத்தை, இரட்டித்து 24-க்கு 36 மி.மீ. என்று வைத்துக்கொண்டதும், 1925-இல் லைப்சிக் சந்தையில் லைகா வெளிவந்ததும், அன்றைய கண்ணாடித் தட்டுக் கேமராக்காரர்களின் பார்வையில் தரத்தைப் பலியிட்டு வசதியை வாங்கிய செயல்தான். இன்று அதே அளவு 'முழுச் சட்டம்' என்று பெயர் பெற்று, தரத்தின் அளவுகோலாக உட்கார்ந்திருக்கிறது.

1982-இல் கோடாக் கொண்டுவந்த டிஸ்க் கேமராவின் கதை வேறு மாதிரி முடிந்தது. வட்டத் தகட்டில் 15 நெகட்டிவ்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8-க்கு 11 மி.மீ.; ஃபிலிமைச் சுருட்ட வேண்டாம், ஃபோகஸ் வைக்க வேண்டாம், ஃப்ளாஷ் தானே எரியும், கேமராவும் தட்டையாகப் பைக்குள் நழுவும். இவ்வளவு சுலபமான கேமரா அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. ஃபிலிமின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்கியதும் முகங்களில் மணல் தெரிந்தது. ஆறே ஆண்டுகளில், 1988-இல், கோடாக் அந்தக் கேமராக்களைத் தயாரிப்பதை நிறுத்தியது. வாடிக்கையாளர்களுக்கு ஒளியியல் தெரியாது என்பது உண்மைதான். தங்கள் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டிஸ்க் கேமரா வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே ஜப்பானில் ஒலிம்பஸ் நிறுவனத்தின் யோஷிஹிசா மைதானி வேறு வழியைக் காட்டியிருந்தார். 1979-இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ, முழு 35 மி.மீ. சட்டத்தை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்கவில்லை. குவியத் தூரத்தைவிட நீளம் குறைந்த ஒரு லென்ஸை வடிவமைத்து, அதை வெளியே நீளாமல் உடலுக்குள்ளேயே நிறுத்தி, மேலே ஒரு நகரும் மூடியைப் போட்டார்கள். மூடியைத் தள்ளினால் கேமரா தயார், மூடினால் உறை வேண்டாம். ஜூம் இல்லை. ஃப்ளாஷ் தனியாகப் பக்கத்தில் திருகி மாட்டும் துண்டு. வசதியைக் கோடாக் நெகட்டிவிலிருந்து வெட்டி எடுத்தது. மைதானி அதை உடலிலிருந்தும் துணைப்பொருள்களிலிருந்தும் வெட்டி எடுத்தார். எதை வெட்டுவது என்ற இந்தத் தேர்வுதான் பின்னால் வந்த கேமராக்களின் தலைவிதியையும் தீர்மானித்தது.

டிஜிட்டல் கேமராக்கள் பெருகிய காலத்தில் நிறுவனங்கள் பெரும்பாலும் கோடாக்கின் வழியில்தான் சென்றன, அதுவும் தெரிந்தே சென்றன. பெட்டியின் மேல் ஒட்டும் தாளில் இரண்டே எண்களுக்கு இடம் இருந்தது: எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம். இரண்டும் கடையில் விற்கும் வசதிகள். கையில் உதவும் வசதிகள் அல்ல. கேனன் நிறுவனம் 2008-இல் ஜி10 கேமராவில் ஒரு சிறு சென்சாருக்குள் 14.7 மெகாபிக்சலைத் திணித்தது. அடுத்த ஆண்டே ஜி11-இல் அதே அளவுச் சென்சாரில் 10 மெகாபிக்சலுக்கு இறங்கி வந்தது. ஒரு பெரிய நிறுவனம் தன் புதிய கேமராவில் பழையதைவிடக் குறைந்த எண்ணை அச்சிட்டு விற்றது அந்தத் தொழிலில் அபூர்வம். பந்தயம் பயனற்றது என்பதை அதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது.

ஜூம் பந்தயத்தின் எல்லையை நிக்கான் பி1000 காட்டுகிறது. 2018-இல் வந்த அந்தக் கேமரா, முழுச் சட்டக் கேமராவில் 24 மி.மீ. முதல் 3,000 மி.மீ. வரையுள்ள லென்ஸ்கள் தரும் கோணங்களுக்குச் சமமான கோணங்களைத் தருகிறது. நிலாவின் பள்ளங்கள் சட்டத்தை நிறைக்கும். எடை 1.4 கிலோ, ஆகவே கையடக்கம் என்ற சொல்லுக்கு வேலையில்லை. சென்சார் மட்டும் அதே பொத்தான் பாதி. முழு நீளத்தில் அதன் திறப்பு எஃப்/8 ஆகிறது. ஒளி அலை என்பதால், எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்த லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்டாது, ஒரு சிறு வட்டமாகத்தான் காட்டும். எஃப்/8-இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 10.7 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பி1000-இன் பிக்சல் ஒன்றின் அகலம் 1.3 மைக்ரான். ஒரு விண்மீன் எட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது என்றால், அங்கே பிக்சல்களின் எண்ணிக்கை எதைச் சொல்ல வருகிறது?

ஆர்எக்ஸ்100 வரிசைக்குள்ளேயே இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்க்கலாம். சென்சார் அளவும் உடலும் ஏறக்குறைய மாறாமல் லென்ஸ் மட்டும் மாறியிருப்பதால் பாடம் சுத்தமாகக் கிடைக்கிறது. 2014-இல் வந்த மூன்றாவது கேமரா, அதே முழுச் சட்டக் கணக்கில், 24 முதல் 70 மி.மீ. வரை, எஃப்/1.8 முதல் 2.8. 2018-இல் வந்த ஆறாவது, 24 முதல் 200 வரை நீண்டது. ஆனால் 24-இலேயே எஃப்/2.8-இல் தொடங்கியது. ஒரே அறையில், ஒரே கோணத்தில், புதியது பழையதைவிட 2.4 மடங்கு குறைவான ஒளியைப் பெற்றது. பயணம் போகிறவர்கள் கோபுரத்தின் உச்சிச் சிற்பத்தை எட்ட முடிந்ததற்கு மகிழ்ந்தார்கள். வீட்டுக்குள் குழந்தைகளைப் படமெடுப்பவர்கள் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டில் சோனி, ஒளி மிகுந்த பழைய லென்ஸுடைய ஐந்தாவது கேமராவையும் சற்றே புதுப்பித்து விற்பனையில் வைத்துக்கொண்டது. இரண்டு கூட்டத்தையும் ஒரே லென்ஸால் திருப்திப்படுத்த முடியாது என்பதை நிறுவனமே ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகவே அதைப் பார்க்கிறேன்.

நீண்டு சுருங்கும் ஜூம் குழாய்க்கு வேறொரு விலையும் உண்டு. அதை விளம்பரத் தாள் சொல்லாது. ஒவ்வொரு முறை நீளும்போதும் அது காற்றை உள்ளிழுக்கிறது, காற்றோடு தூசியையும். நான் வைத்திருந்த ஒரு கையடக்கக் கேமராவில் இரண்டாம் ஆண்டு முடிவில், நான் எடுத்த எல்லா வானங்களிலும் வலது மேல்மூலையில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு வந்து உட்கார்ந்தது. பழுது பார்க்கும் இடத்தில் பிரித்துச் சுத்தம் செய்யக் கேட்ட தொகை, அதே கேமராவைப் பழையதாக வாங்கும் விலையை நெருங்கியது. பெரிய கேமராவில் லென்ஸைக் கழற்றி ஊதினால் போகும் தூசி இது. லென்ஸைக் கழற்ற வேண்டாம் என்ற வசதியின் மறுபக்கம், கழற்ற முடியாது என்பது.

வசதி என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறிதாக இருப்பது மட்டும் வசதி ஆகாது. சிக்மா நிறுவனம் 2008-இல் டிபி1 என்ற கேமராவை வெளியிட்டது. சிறிய உடலுக்குள் எஸ்எல்ஆர் அளவை நெருங்கும் சென்சாரை வைத்த முதல் முயற்சி. நல்ல வெளிச்சத்தில் அது தந்த நுணுக்கத்தை இன்றும் பேசுகிறார்கள். ஆனால் ஃபோகஸ் நிதானமாக நகரும். ஒரு படத்தை எடுத்தால் அது கார்டில் பதியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். லென்ஸ் எஃப்/4 மட்டுமே. பைக்குள் அடங்கியது, தருணத்துக்குள் அடங்கவில்லை.

ரிக்கோ ஜிஆர் இதற்கு நேர் எதிர். அதன் முன்னோடி 1996-இல் வந்த ஜிஆர்1 என்ற ஃபிலிம் கேமரா; 28 மி.மீ., எஃப்/2.8 என்ற லென்ஸும் ஒரே கையால் இயக்கும் உடலும் அப்போதே முடிவாகிவிட்டன. ஜப்பானின் தெருப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமா அந்த வரிசையைத் தொடர்ந்து பயன்படுத்தியதும் அதன் புகழுக்கு ஒரு காரணம். டிஜிட்டல் ஜிஆரில் 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஷட்டர் பொத்தானை நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா ஃபோகஸைத் தேடுவதில்லை. முன்கூட்டியே குறித்துவைத்த தூரத்துக்கு நேரே போய்ப் படத்தை எடுத்துவிடும். தூரத்தை 2 மீட்டர் என்றும் திறப்பை எஃப்/5.6 என்றும் வைத்தால், அந்த லென்ஸில் 1.2 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை உள்ள எல்லாம் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். சந்தைத் தெருவில் ஒருவர் திரும்பிப் பார்க்கும் கணம் அந்த எல்லைக்குள்தான் நிகழ்கிறது. குறுகிய குவியத் தூரத்தின் இயல்பையே வேகமாக மாற்றிக்கொண்ட கெட்டிக்காரத்தனம் இது. எந்த மோட்டாரும் இதைவிட விரைவாக ஓடாது, ஏனெனில் இங்கே எதையும் தேட வேண்டியதே இல்லை.

இதற்கிடையில் கைப்பேசி வந்து சந்தையைத் துடைத்துப்போட்டது. ஜப்பானியக் கேமராத் தொழில் சங்கத்தின் கணக்கில் 2010-இல் உலகம் முழுவதும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. அவற்றில் 10 கோடிக்கும் மேற்பட்டவை லென்ஸ் மாற்ற முடியாத கையடக்க வகை. 2023-இல் அந்த வகை 17 லட்சம் அளவுக்குச் சுருங்கியது. கைப்பேசி எப்போதும் கையில் இருக்கிறது, எடுத்த படம் அடுத்த நொடியில் அடுத்த ஊருக்குப் போகிறது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்த காரணங்கள். அதிகம் பேசப்படாதது, அது பரப்பின் பஞ்சத்தைக் காலத்தைக் கொண்டு ஈடுகட்டிய விதம். ஒரு படத்துக்குப் பதில் ஒன்பது படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சென்சாரை ஒன்பது மடங்கு பெரிதாக்கியதற்கு அது சமம். கூகுள் 2018-இல் கொடுத்த 'நைட் சைட்' இந்த வழியில்தான் இரவைப் பிடித்தது. கோயில் மண்டபம் அசையாது, ஆகவே அங்கே இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். ஓடுகிற பிள்ளை ஒன்பது இடங்களில் இருப்பான். அப்போது மென்பொருள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விலக்கும், பொட்டுப் புள்ளிகள் திரும்பி வரும், அவற்றைத் தேய்க்கும் வேலையும் திரும்பி வரும்.

பொத்தான் பாதிச் சென்சாரை வைத்திருந்த கேமராக்களுக்குக் கைப்பேசியின் முன் சொல்லிக்கொள்ள ஏதும் எஞ்சவில்லை. தரத்தைக் கொடுத்து வாங்கியிருந்த வசதியை, அதைவிட வசதியான ஒன்று வந்து வாங்கிக்கொண்டுபோனது. நிலைத்து நின்றவற்றில் முன்வரிசையில் இருப்பவை ஜூமை விட்டுக்கொடுத்தவை. ஜிஆர் வரிசை தொடர்கிறது. 2024-இல் வந்த எக்ஸ்100-இன் ஆறாவது பதிப்பு 40 மெகாபிக்சலும் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஏற்பாடும் சேர்ந்து 521 கிராம் ஆகிவிட்டபோதிலும், பல நாடுகளில் காத்திருப்போர் பட்டியலில்தான் விற்றது.

இந்த முடிவுக்கு ஒரு மறுப்பும் தெருவில் நடமாடுகிறது. 2000-களின் மலிவான டிஜிட்டல் கேமராக்களை இளைஞர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். கேனன் 2016-இல் விட்ட ஒரு சிறு சென்சார் கேமராவைச் சிறு மாற்றங்களோடு 2025-இல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய சென்சாரின் நிறத்தில் ஏதோ மாயம் இருக்கிறது என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தப் படங்களின் தோற்றத்தில் பெரும்பங்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்து முகத்தில் நேராக அடிக்கும் ஃப்ளாஷுக்குரியது. கைப்பேசியின் விளக்கு ஒரு சிறு எல்இடி. கேமராவின் செனான் ஃப்ளாஷ் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பகுதிக்குள் பேரொளியைக் கொட்டி, ஆடுகிறவர்களையும் அசையாமல் நிறுத்திவிடும். பரப்பு குறைந்த சென்சாருக்குப் போதிய ஒளி கிடைக்கும் அபூர்வமான இடம் அது.

வேடிக்கை என்னவென்றால், 2019-இல் விற்பனைக்கு வந்த ஜிஆர் 3 கேமராவை ரிக்கோ வடிவமைத்தபோது முதலில் கழற்றி எறிந்தவற்றில் அந்த ஃப்ளாஷும் ஒன்று. முந்தைய ஜிஆர் 2-இல் உடலுக்குள் மடங்கியிருந்த ஃப்ளாஷை எடுத்துவிட்டார்கள். சென்சாரை அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் பொறியமைவைச் சேர்த்தார்கள். அகலம் 117 மி.மீ.-இலிருந்து 109 மி.மீ. ஆனது. நிற்கும் சுவரை மங்கிய ஒளியில் எடுப்பவருக்கு அது லாபம், ஏனெனில் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தாலும் கை நடுக்கம் படத்தில் ஏறாது. கல்யாண வீட்டில் ஓடியாடும் மனிதர்களை எடுப்பவருக்கு நஷ்டம், அசைகிறவர்களை அந்தப் பொறியமைவால் நிறுத்த முடியாது. அப்படிப்பட்டவர்களில் சிலர் இன்றும் ஜிஆர் 2-ஐயே பழைய கேமராச் சந்தையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்தால் லென்ஸை நீட்டி, வெள்ளைச் சுவரைப் படமெடுத்து, தூசிப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எண்ணுகிறார்கள்.